சென்சஸ் பற்றி மக்களிடம் கேட்டீர்களா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றால், தாள்கட்டோடு பள்ளி ஆசிரியர் ஒருவர் வாசலில் வந்து நிற்பதுதான் நமக்குப் பழக்கம். அமெரிக்காவில் முறை வேறு. 1970 முதல் பல பத்தாண்டுகள் அங்கே பெரும்பாலான வீடுகளுக்குப் படிவம் தபாலில் போனது. பதில் வராத வீடுகளுக்கு மட்டும் ஆள் அனுப்புகிறார்கள். 1980இல் 75 சதவீத வீடுகள் படிவத்தைத் திருப்பி அனுப்பின. 1990இல் அது 65 சதவீதமாகச் சரிந்தது. இந்த விகிதத்தில் ஒரு சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ சுமார் 8.5 கோடி டாலர் வித்தியாசம் என்று 2010 சென்சஸின்போது அதிகாரிகள் கணக்குச் சொன்னார்கள். ஆகவே, சென்சஸை மக்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்பது அங்கே கஜானா விவகாரமும்கூட. அதை அறிய, ஒவ்வொரு முறையும் புதுப்புது ஆட்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்பு போதாது. ஒரே ஆட்களைச் சென்சஸுக்கு முன்பும் நடுவிலும் பின்பும் கேட்கிற பேனல் ஆய்வு வேண்டும் என்பது என் கட்சி.

2000ஆம் ஆண்டு சென்சஸின்போது இந்தப் பாதையில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. பின்னாளில் நாலெட்ஜ் நெட்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய இன்டர்சர்வே நிறுவனம், தொலைபேசி எண்களைக் குலுக்கலாகத் தேர்ந்து குடும்பங்களைச் சேர்த்தது. இணையம் உள்ளவர்களை மட்டும் சேர்த்தால் வசதியானவர்களின் கருத்துதான் கிடைக்கும் என்பதால், தொலைக்காட்சியோடு இணைக்கும் வெப்டிவி பெட்டியையும் இணைய இணைப்பையும் இலவசமாகவே கொடுத்தது. இந்தக் குடும்பங்களிடம் ஆய்வாளர்கள் அலையலையாகக் கேள்வி கேட்டார்கள். அந்த ஆண்டுதான் சென்சஸுக்கு முதன்முறையாகக் காசு கொடுத்து விளம்பரம் செய்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் சர்ச்சையும் வெடித்தது. ஆறு வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் போன நீண்ட படிவத்தில் 50க்கும் மேற்பட்ட கேள்விகள். வருமானம் முதல் குழாய் வசதி வரை எல்லாம் கேட்டது. அரசு வீட்டுக்குள் மூக்கை நுழைக்கிறது என்று வானொலிப் பேச்சாளர்கள் சாடினார்கள். செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் டிரென்ட் லாட் போன்றவர்களும் அதற்கு ஒத்து ஊதினார்கள். விளம்பரம் ஒத்துழைப்பைக் கூட்டியது, சர்ச்சை அதைக் குறைத்தது, அடி அதிகம் பட்டது நீண்ட படிவத்துக்கே என்று ஆய்வு காட்டியது. 61 சதவீதம்தான் வரும் என்று அஞ்சிய இடத்தில் கடைசியில் 67 வந்தது. சென்சஸ் முடிந்தபின் வரும் அந்த ஒற்றை எண்ணை வைத்து, எது தள்ளியது, எது இழுத்தது என்று யாராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

ஒரே ஆட்கள்தான் வேண்டும் என்று ஏன் பிடிவாதம்? நூறு பேரில் பத்துப் பேர் நம்பிக்கை இழக்கிறார்கள், வேறு பத்துப் பேர் புதிதாக நம்புகிறார்கள் என்று வையுங்கள். தனித்தனியாக எடுத்த இரண்டு கணிப்புகளிலும் ஒரே எண்தான் வரும். ஒன்றுமே நடக்கவில்லை என்று அதிகாரி கோப்பை மூடிவிடுவார். 2018இல் அமெரிக்க சென்சஸ் துறை நடத்திய ஆய்வில், படிவத்தை நிச்சயமாகவோ பெரும்பாலும் நிச்சயமாகவோ நிரப்புவோம் என்றவர்கள் 67 சதவீதம். 2020இல் தாமாகவே பதில் அளித்த வீடுகளும் 67 சதவீதம்! கணிப்பு பலித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் பிந்தைய சரிபார்ப்பில், ஹிஸ்பானிக் மக்களில் 4.99 சதவீதமும் கறுப்பின மக்களில் 3.30 சதவீதமும் விடுபட்டிருப்பதாகத் தெரிந்தது. ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் 1.64 சதவீதம் கூடுதலாக எண்ணப்பட்டிருந்தார்கள். பொருந்திப்போன சராசரி இதை முன்கூட்டிச் சொல்லவே இல்லை. 2018 ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதுதான், குடியுரிமைக் கேள்வி சேர்க்கப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. அதைக் கேட்டு யார் மனம் மாறினார்கள் என்று ஒரே ஒரு முறை கேட்கும் ஆய்வால் எப்படிச் சொல்ல முடியும்?

அரசை நம்பாதவர் பேனலில் மட்டும் சேர்வாரா என்று கேட்கலாம். வலுவான ஆட்சேபம் இது. முழுப் பதில் கிடையாது. ஆனால் நேரில் போய், அவரவர் மொழியில் பேசி, நேரத்துக்குப் பணமும் கொடுத்தால் பாதி தூரம் கடக்கலாம். மேலும், மொத்த அளவு சற்றுப் பிசகினாலும், சேர்ந்தவர்களிடம் ஏற்படும் மாற்றம் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும். திரும்பத் திரும்பக் கேட்பதே ஆளை மாற்றிவிடும் என்பது அடுத்த குறை. ஒரே முறை மட்டும் கேட்கப்படும் புதிய குழு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அதை அளந்துவிடலாம். இதெல்லாம் அரசு தன் பிரச்சாரத்தைக் கூர்தீட்டிக்கொள்ளும் வழி என்பாரும் உண்டு. அந்தச் சந்தேகம் நியாயமானது. 1942இல் ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைக்க சென்சஸ் விவரங்கள் துணைபோயின; 2000இல்தான் துறையின் இயக்குநர் கென்னத் பிரெவிட் அதற்காக வருத்தம் தெரிவித்தார். அச்சத்துக்குக் காரணம் இருக்கும்போது விளம்பரத்தால் அதை மூடக் கூடாது. பேனலைத் துறையிடம் விடாமல் பல்கலைக்கழகம் ஒன்றிடம் கொடுத்து, முடிவுகளை உடனுக்குடன் வெளியிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இந்தியாவுக்கும் இது தூரத்து விஷயமல்ல. சென்சஸோடு சேர்த்து நடக்கவிருந்த தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுப் பணியை, அது குடியுரிமையைச் சோதிக்கும் வழியாகும் என்ற அச்சத்தால், 2019 டிசம்பரில் மேற்கு வங்கமும் கேரளமும் நிறுத்திவைத்தன. 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்ட சென்சஸில் சாதியும் கேட்கப்படும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது; இணையத்தில் தாமே விவரம் பதியும் வசதியும் உண்டு. தனிநபர் விவரங்களைச் சான்றாகக்கூடப் பயன்படுத்த முடியாது என்கிறது 1948ஆம் ஆண்டின் சென்சஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவு. அது எத்தனை பேருக்குத் தெரியும், தெரிந்தவர்களில் எத்தனை பேர் நம்புகிறார்கள் என்பதை நம் பல்கலைக்கழகங்களாவது சில ஆயிரம் குடும்பங்களிடம் தொடர்ந்து கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும்.