சுழலும் நெகிழ்சட்டத்தின் இயக்க மாதிரியாக்கம்: நேரியலாக்கத்தின் இடமும் மையவிலக்கு விறைப்பும்

திறவுச்சொற்கள்: நெகிழ்சட்டம், மையவிலக்கு விறைப்பு, நேரியலாக்கம், இயல் அதிர்வெண்

முன்னுரை

ஓய்வில் நிற்கும் ஹெலிகாப்டரின் சுழலி அலகுகள் தம் எடையால் தாழ்ந்து தொங்குகின்றன; சுழலத் தொடங்கியதும் நிமிர்ந்து விறைக்கின்றன. அலகின் பொருள் மாறவில்லை. மையவிலக்கு விசை அதனை வெளிநோக்கி இழுப்பதே விறைப்புக்குக் காரணம். விமானச் சுழல்விசிறி அலகுகளின் அதிர்வை ஆராய்ந்த சவுத்வெல், காஃப் ஆகியோர் 1921-இலேயே இவ்விளைவை வாய்பாடாக்கினர். ஆயினும், பல பத்தாண்டுகளுக்குப் பின் உருவான பொதுப்பயன் கணினி நிரல்கள் சில இதற்கு நேர்மாறான விடையைத் தந்தன.

பிழை நுழையும் இடம்

ஒரு முனை சுழலச்சில் இறுகப் பிணைக்கப்பட்டு, மாறாக் கோணத்திசைவேகத்தில் சுழலும் சீரான சட்டம் ஒன்றைக் கருதலாம். அது பக்கவாட்டில் வளையும்போது அதன் நுனி அச்சை நோக்கிச் சற்றே உள்வாங்கும். இச்சுருக்கம் சாய்வின் இருபடியைச் சார்ந்தது, மிகச் சிறியது. எனவே இடப்பெயர்ச்சியைத் தொடக்கத்திலேயே நேரியலாக்கினால் அது மறைந்துவிடும். சுழலாத சட்டத்தில் இதனால் தீங்கில்லை. சுழலும் சட்டத்திலோ அச்சுருக்கம் மையவிலக்கு விசைக்கு எதிராக நிகழ்கிறது. அவ்விசை வளைவு இல்லாதபோதும் இருப்பது. ஆகவே இரண்டும் சேர்ந்து தரும் ஆற்றல், வளைவின் திரிபாற்றலைப் போன்றே இருபடி அளவினது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விடுவதற்கு நியாயம் இல்லை.

விடுபட்டால் விளைவது யாது? சுழற்சித் தளத்திற்குள் நிகழும் அதிர்வில், ஓய்வுநிலை அதிர்வெண்ணின் இருபடியிலிருந்து கோணத்திசைவேகத்தின் இருபடி முழுமையாகக் கழிகிறது. சுருக்கத்தைச் சேர்த்தால், முதல் பாங்கிற்குக் கோணத்திசைவேக இருபடியின் ஏறத்தாழ 0.193 மடங்கு கூடுகிறது. தளத்திற்குச் செங்குத்தான அதிர்வில் 1.193 மடங்கு கூடுகிறது. ஓய்வுநிலை அதிர்வெண் வினாடிக்கு 10 ரேடியன் எனவும் கோணத்திசைவேகம் 20 ரேடியன் எனவும் கொண்டால், சரியான மாதிரி தளத்திற்குள் 13.3 ரேடியன் என்கிறது. பிழையான மாதிரியில் இருபடி மதிப்பு −300. அதாவது சட்டம் எல்லையின்றி வளைந்து செல்லும் என்கிறது!

விறைப்பே இல்லாத கயிற்றைக் கொண்டு இதனைச் சரிபார்க்கலாம். அச்சில் கட்டிச் சுழற்றப்படும் கயிறு, சுழற்சித் தளத்தில் எந்தக் கோணத்தில் நின்றாலும் அதனை மீட்கும் விசை எழாது, அதிர்வெண் சுழியம். அது ஒருபோதும் எதிர்மறை ஆகாது.

திருத்தமும் சோதனையும்

கேன், ரையன், பானர்ஜி ஆகியோர் 1987-இல் இக்குறையை வெளிப்படையாகச் சுட்டினர். அச்சுத்திசை இடப்பெயர்ச்சிக்கு மாற்றாகச் சட்டத்தின் நீட்சியையே மாறியாகக் கொண்டனர். இதனால் சுருக்கம் சமன்பாட்டில் தானாகவே இடம்பெறுகிறது. சட்டத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஆயத்தொகுதி அமைப்பதும் ஒரு வழி. ஆனால் அது கணக்கீட்டுச் சுமையைக் கூட்டும்.

மெதுவான சுழற்சியில் மட்டும் ஒரு நிரலைச் சோதிப்பது போதாது. கோணத்திசைவேகம் ஓய்வுநிலை அதிர்வெண்ணில் பத்தில் ஒரு பங்காக இருக்கையில், தளத்திற்குள் நிகழும் அதிர்வுக்கு இரு மாதிரிகளும் தரும் அதிர்வெண்கள் 0.6 விழுக்காடு அளவே வேறுபடுகின்றன. ஆய்வக அளவீட்டில் இவ்வேறுபாடு எளிதில் கண்ணுக்குத் தப்பும். கோணத்திசைவேகம் ஓய்வுநிலை அதிர்வெண்ணைக் கடக்கும் ஓர் ஓட்டத்தையேனும் சோதனையில் சேர்த்தல் வேண்டும்.