கடற்கரைச் சாலையும் கருப்பட்டிப் பாகும்

பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் கடற்கரைச் சாலை ஏறக்குறைய 130 கிலோமீட்டர். சென்ற கோடை விடுமுறையில் விடுதி நண்பர்கள் இருவருடன் பேருந்து மாறி மாறி அச்சாலையில் பயணம் செய்தேன். பார்த்ததைவிடத் தின்றதே அதிகம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கினோம். முட்டை வெண்கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு, இவ்வளவுதான். வெண்கருவை அடிக்க அடிக்க அதன் புரதம் காற்றுக் குமிழ்களைச் சுற்றி வலைபோல் படிகிறது; மிதமான சூட்டில் வலை இறுகுகிறது. நாம் காசு கொடுத்து வாங்குவதில் பாதி காற்றுதான்!

ஊரைத் தாண்டியதும் உப்பளங்கள். நீரை ஏன் பாத்தி பாத்தியாக மாற்றுகிறார்கள் என்று நண்பன் கேட்டான். நீர் வற்றும்போது உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும். பிறகு, ஏறத்தாழ 25 பாகை போமே அடர்த்தியில், சாப்பாட்டு உப்பு விளையும். மக்னீசிய உப்புகள் கடைசிவரை கரைந்தே நிற்கும். அந்தக் கசப்பு நீரை வெளியேற்றிவிடுவார்கள்.

ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களையும் தாமிரபரணியையும் கடந்து, திருச்செந்தூரில் கடலாடி முருகனை வணங்கி, உடன்குடி சேர்ந்தோம். அதன் பக்கம்தான் என் ஊர். என் தந்தை பனையேறி.

காலையில் பனையோலைப் பட்டையில் பதநீர் குடித்தோம். பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட் பெருக முடியாது என்பதே காரணம். விடிலியில் பதநீர் காய்ச்சிக் கொண்டிருந்த அம்மா இன்னொன்று சொன்னார்: “சுண்ணாம்பு கொறஞ்சா கருப்பட்டி உறையாதுய்யா, பாகாவே நிக்கும்.” பதநீர் புளித்தால் அமிலம் சேரும். அமிலம் சுக்ரோசை குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிளக்கும். இவை எளிதில் படிகமாவதில்லை. இந்த ஆண்டு ஆய்வகப் பதிவேட்டில் இதைத்தான் பக்கம் பக்கமாக எழுதினேன். அம்மாவுக்குக் கைநாட்டுத்தான். பாகு பொங்கியபோது இடித்த ஆமணக்கு முத்தைச் சிறிது போட்டார். எண்ணெய் பட்டதும் நுரை உடைந்து அடங்கியது. பிறகு சிரட்டைகளில் ஊற்றினார்.

உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றுள்ளது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் ஏறாமல் விடுவதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை. முழங்கால் வலியால் அப்பா இந்தப் பருவத்தில் பாதி மரங்களுக்கே கலயம் கட்டினார். மீதி மரங்கள் சும்மா நிற்கின்றன. எனக்கு ஏறத் தெரியாது. சிறுவயதில் தளைநாரை எடுத்தாலே, “நீ படி” என்று பிடுங்கி வைத்துவிடுவார். என் விடுதிக் கட்டணம் அந்த மரங்களிலிருந்துதான் வருகிறது.

அம்மா ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்த கருப்பட்டி குமரி வரை மிஞ்சவில்லை. மணப்பாட்டுக் குன்றின்மேல் 1581-ஆம் ஆண்டுத் திருச்சிலுவைக் கோயில் நிழலில் பாதியையும், உவரிக் கடற்கரையில் மீதியையும் நண்பர்கள் தீர்த்துவிட்டார்கள். குமரியில் மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிடும்போது, மறுபடி பதநீர் குடிக்க எப்போது போகலாம் என்று ஒருவன் கேட்டான். அப்பா ஏறினால் பங்குனியில் என்றேன்.