ஸ்டேன் சுவாமிக்காக ஐ.நா. எழுதிய கடிதம் என்ன ஆனது? கைதானவரை ஜெனீவாவால் காப்பாற்ற முடியுமா?

2020 அக்டோபர் 8. ராஞ்சியை ஒட்டிய நாம்கும் பகுதியில் 83 வயது பாதிரியார் ஒருவரை என்.ஐ.ஏ. கைது செய்தது. அவர் ஸ்டேன் சுவாமி. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடியின மக்களோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர். விசாரணைக் கைதிகளாகவே சிறையில் கிடக்கும் பழங்குடியின இளைஞர்களுக்காக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவர். பீமா கோரேகான் வழக்கில், மாவோயிஸ்டுகளோடு தொடர்பு என்று உபா சட்டம் பாய்ந்தது. குற்றச்சாட்டை அவர் கடைசிவரை மறுத்தார்.

அவருக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், டம்ளர் பிடிக்க முடியாது. ஸ்ட்ராவும் சிப்பரும் வேண்டும் என்று நவம்பர் முதல் வாரத்தில் மனு போட்டார். பதில் சொல்ல என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டது. ஒரு ஸ்ட்ராவுக்கு!

ஏறக்குறைய அதே நாட்களில்தான் ஜெனீவாவில் இருந்தும் இந்திய அரசுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர்கள் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள். அந்தக் கடிதம் என்ன செய்தது? அதற்கு என்ன பலம்? இப்படிக் கைதாகும் வேறு ஒருவருக்கு அது உதவுமா?

யார் இந்த மனித உரிமைக் காப்பாளர்?

இது பட்டமோ பதவியோ இல்லை. அடுத்தவர் உரிமைக்காக அமைதியான வழியில் நிற்கும் யாரும் காப்பாளர்தான். வழக்கறிஞர், நிருபர், மணல் லாரியை மறித்து நிற்கும் ஊர்க்காரர், எல்லாரும் இதில் வருவார்கள். 1998 டிசம்பர் 9-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பிரகடனம் இதைத்தான் சொல்கிறது.

பிரகடனம் மட்டும் இருந்தால் போதாதே? அதைக் கண்காணிக்க 2000-ல் தனிப் பொறுப்பு ஒன்று உருவானது. முதலில் அதை வகித்தவர் பாகிஸ்தான் வழக்கறிஞர் ஹினா ஜிலானி. ஸ்டேன் சுவாமி கைதான ஆண்டில் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் அயர்லாந்தின் மேரி லாலர். 'சிறப்பு அறிக்கையாளர்' என்பது பதவிப் பெயர். சம்பளம் கிடையாது. கையில் போலீஸும் கிடையாது.

கடிதம் போனது, ஆள் வரவில்லை

கடிதத்தின் வேலை எளிமையானது. இன்னாரைக் கைது செய்திருக்கிறீர்கள், எந்தச் சட்டப்படி, உடல்நிலைக்கு என்ன ஏற்பாடு, பதில் சொல்லுங்கள் என்று கேட்பது. சுமார் 60 நாள் அது ரகசியமாக இருக்கும். பிறகு கடிதமும், அரசு பதில் கொடுத்திருந்தால் அதுவும், பொதுவெளிக்கு வந்துவிடும்.

ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த மிச்செல் பச்லெட்டும் 2020 அக்டோபரிலேயே ஸ்டேன் சுவாமி பெயரைச் சொல்லிக் கவலை தெரிவித்தார். ஆனாலும் 2021 மார்ச்சில் சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. மே மாத இறுதியில்தான், மும்பை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில், தலோஜா சிறையில் இருந்து தனியார் மருத்துவமனைக்குப் போனார். அங்கே கொரோனா தொற்று உறுதியானது. ஜூலை 5-ம் தேதி ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்று மருத்துவர் நீதிமன்றத்தில் சொன்னார்.

ஏன் விடுவிக்கவில்லை என்று மேரி லாலர் மறுபடி கேட்டார். எல்லாம் சட்டப்படிதான் நடந்தது, நடவடிக்கை சட்ட மீறலுக்கு எதிராகத்தானே தவிர உரிமைகளுக்கு எதிராக இல்லை என்றது இந்திய வெளியுறவு அமைச்சகம்.

2021 நவம்பரில் ஐ.நா.வின் தன்னிச்சையான தடுப்புக்காவல் பணிக்குழு தன் கருத்தை முடிவு செய்தது. எண் 57/2021. அவரைச் சிறையில் வைத்ததே தன்னிச்சையானது என்றது அந்தக் குழு. அவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

அந்த ஸ்ட்ரா விவகாரத்தில் நடந்ததை மட்டும் கவனியுங்கள். செய்தி வெளியானதும் நாடு முழுக்க ஆட்கள் சிப்பர் வாங்கி அனுப்பக் கிளம்பினார்கள், சமூக வலைதளங்கள் கொதித்தன. நவம்பர் முடிவதற்குள் சிறையில் சிப்பர் கிடைத்தது. ஜெனீவா கடிதத்தை விட உள்ளூர் சத்தம் வேகமாக வேலை செய்த இடம் அது. ஆனால் சிப்பர்தான் வந்தது, ஜாமீன் வரவில்லை.

அப்போ இந்தக் கடிதத்துக்கு என்னதான் பலம்?

உத்தரவு போடும் பலம் இல்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1979-லேயே சேர்ந்துவிட்டது. ஆனால் தனிநபர் நேரடியாக ஐ.நா. குழுவிடம் முறையிட வழிவிடும் அதன் கூடுதல் நெறிமுறையில் சேரவில்லை. அந்தக் கதவு இந்தியர்களுக்கு மூடியே இருக்கிறது. திறந்திருப்பது மேலே சொன்ன பணிக்குழுவும் சிறப்பு அறிக்கையாளர்களும்தான். இவர்களிடம் போக எந்த உடன்படிக்கையும் தேவையில்லை. உள்ளூர் நீதிமன்றப் படிகள் எல்லாம் ஏறி முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யார், யாரிடம் பேசுகிறார்கள் என்பதில்தான் விஷயம். வெளிநாட்டு நாடாளுமன்றத்தில், தூதரகத்தில், கடன் கொடுக்கும் வங்கியில், "இது அரசியல் குற்றச்சாட்டு இல்லை, ஐ.நா.வே சொல்கிறது" என்று காட்டலாம்.

சவுதி அரேபியாவில் பெண்கள் கார் ஓட்டும் உரிமைக்காகப் போராடிய லுஜைன் அல் ஹத்லூல் 2018 மே மாதம் கைதானார். பணிக்குழு அவர் பக்கம் நின்றது. குடும்பம் நாடு நாடாகப் பேசியது, ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது, அமெரிக்காவில் ஆட்சி மாறியது. 2021 பிப்ரவரி 10-ல் வெளியே வந்தார். இதில் எது திறவுகோல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பயணத் தடையும் அவரோடு சேர்ந்தே வெளியே வந்தது.

பாதுகாப்பு உத்தரவு இருந்தும் கொலை

ஹோண்டுராஸின் பெர்த்தா காசெரெஸ் கதை இன்னும் கசப்பு. லென்கா பழங்குடியினருக்காக அகுவா ஸர்கா அணையை எதிர்த்தவர். அவரைப் பாதுகாக்கும்படி அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை ஆணையம் 2009-லேயே அரசிடம் கேட்டிருந்தது. 2015-ல் கோல்ட்மேன் விருது. 2016 மார்ச் 2 இரவு, வீடு புகுந்து சுட்டுக் கொன்றார்கள்.

பாதுகாப்பைக் காகிதத்தில் கேட்டது ஆணையம், களத்தில் கொடுக்க வேண்டியது அரசு. அந்த இடைவெளியில் கொலையாளிகள் நுழைந்துவிட்டார்கள். கொலைக்குப் பிறகு எழுந்த எதிர்ப்பில்தான் நெதர்லாந்து, ஃபின்லாந்து நிதி நிறுவனங்கள் அணையில் இருந்து பணத்தை விலக்கின. அணை நிறுவனத்தின் முன்னாள் தலைவர் 2021-ல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. அரசுகளை அசைக்காத கடிதம் சில சமயம் முதலீட்டாளரை அசைத்துவிடுகிறது. நம் ஊர்ப் போராட்டக் குழுக்கள் இதை இன்னும் அதிகம் கவனிக்கலாம்.

ஐ.நா.விடம் பேசினாலே சிக்கல் வருமா?

வரலாம். காஷ்மீரின் குர்ரம் பர்வேஸ் 2016 செப்டம்பரில் ஜெனீவா கூட்டத்துக்குக் கிளம்பினார். டெல்லி விமான நிலையத்தில் தடுக்கப்பட்டார். அடுத்த நாளே ஸ்ரீநகரில் பிடித்து, பிறகு பொதுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைத்தார்கள். 76 நாள் கழித்து, நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு வெளியே வந்தார். 2021 நவம்பரில் உபா சட்டத்தில் மறுபடி கைது. அவரது காவலும் தன்னிச்சையானதே என்று 2023-ல் பணிக்குழு சொன்னது. ஐ.நா.வோடு பேசியதற்காகப் பழிவாங்கப்படுபவர்கள் பற்றி அதன் பொதுச்செயலாளர் ஆண்டுதோறும் தனி அறிக்கையே வெளியிடுகிறார்.

யார் எழுதலாம்? என்ன வேண்டும்?

கைதானவரின் குடும்பம், வழக்கறிஞர், நண்பர், அமைப்பு, யாரும் எழுதலாம். கட்டணம் இல்லை. ஆங்கிலத்தில் இருந்தால் போதும். எழுதுபவர் பெயரை ஐ.நா. அரசிடம் சொல்லாது. ஆனால் யாருக்காக எழுதுகிறோமோ அவர் பெயர் அரசுக்குப் போகும். அதனால் அவருடைய சம்மதம் முக்கியம். செய்தித்தாள் கட்டிங் மட்டும் வைத்து அனுப்பினால் எடுக்க மாட்டார்கள் (எங்கள் மாதிரி செய்தித் தளங்களின் லிங்கும் சேர்த்துத்தான்).

கேட்பது இவ்வளவுதான்: எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பிடித்தார்கள், வந்தது எந்தத் துறை, வாரண்ட் காட்டினார்களா, என்ன பிரிவு, இப்போது எங்கே வைத்திருக்கிறார்கள், தினசரி மருந்து என்ன. கைது செய்யும்போது நேரமும் தேதியும் எழுதி, சாட்சி கையெழுத்தோடு குறிப்பாணை தயாரிக்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவும் வேண்டும். அந்தக் குறிப்பாணையையும் ரிமாண்ட் உத்தரவையும் அன்றைக்கே போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், ஜெனீவா கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் பதில் அதிலேயே இருக்கும். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் இதே விவரங்களை அனுப்பலாம். காப்பாளர்களுக்கென்றே அங்கே தனிப் பொறுப்பு அலுவலர் இருக்கிறார்.