பஞ்சபாண்டவர் படுக்கை: கீழவளவுக் குகைத்தளமும் ஊர்வழக்கும்

மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகிலுள்ள கீழவளவில் பஞ்சபாண்டவர் மலை என்றொரு குன்று உள்ளது. அதன் இயற்கைக் குகைத்தளத்தில் பாறையைச் சமன்செய்து வெட்டிய கற்படுக்கைகள் காணப்படுகின்றன. வனவாசக் காலத்தில் பாண்டவர் ஐவர் இங்குத் தங்கி உறங்கினர் என்பது ஊர்வழக்கு. அங்குள்ள தமிழிக் கல்வெட்டோ, தொண்டியைச் சேர்ந்த உபாசகர் ஒருவர் கொடுத்த பள்ளி இது எனக் கூறுவதாகக் கல்வெட்டறிஞர் பொருள் கொள்வர். இங்கு உறைந்தோர் சமணத் துறவியர். பிற்காலத்தில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் இதனை உறுதிசெய்கின்றன.

இவ்வழக்கை மக்களின் அறியாமை எனத் தள்ளுவது எளிது. ஆயின் கீழவளவுக் கல்வெட்டின் எழுத்துகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் பொறிக்கப்பட்டுள்ளன. பயின்றவர்க்கே அவை எளிதில் பிடிபடா. அண்மையிலுள்ள மாங்குளக் கல்வெட்டுகளை இராபர்ட் சீவல் 1882இல் கண்டறிந்தார்; இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதைக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல்தான் நிறுவினார். ஆய்வுலகுக்கே நாற்பதாண்டுகளுக்கு மேல் தேவைப்பட்ட ஒன்றை ஊரார் அறிந்திருக்கவில்லை எனக் குறைகூறல் பொருந்தாது.

பாண்டவர் பெயர் வந்தது எவ்வாறு? பாண்டியர்க்குப் பஞ்சவர் என்னும் பெயர் உண்டு; மாங்குளக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயரும் வருகிறது. கொடையளித்த பஞ்சவரே நாளடைவில் பஞ்சபாண்டவர் ஆயினர் என்று கருத இடமுண்டு. கவர்ச்சியான விளக்கம்தான், எனினும் முழுமையாக ஏற்பதற்கில்லை. பாண்டிய நாட்டுக்கு வெகு தொலைவில், தொண்டை மண்டலத்து ஆர்க்காட்டை அடுத்த சமணக் குன்றும் பஞ்சபாண்டவர் மலை என்றே வழங்குகிறது. மாமல்லபுரத்து ஒற்றைக்கல் தளிகள் பாண்டவர் பெயரால் அழைக்கப்படுதலும் நோக்கத்தக்கது. செய்தவர் யார் என்பது மறந்துபோன பழங்கல்வேலைகளைப் பாண்டவர்மேல் ஏற்றிக் கூறுவது பரவலான மரபு என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

உரியவரை மறந்த வழக்கு, பயனை மறக்கவில்லை என்பது கருதத்தக்கது. கல்வெட்டில் வரும் பள்ளி என்னும் சொல் துறவியர் உறைவிடத்தைக் குறிப்பது. பள்ளிகொள்ளல், பள்ளியறை என்பவற்றில் அதுவே துயிலிடமாகிறது. ஊரார் கூறும் ‘படுக்கை’ அப்பொருளை விட்டு விலகவில்லை. மேலும், வீட்டைத் துறந்து மலையில் உறைந்தோர் என்ற நினைவும் வனவாசக் கதைக்குள் எஞ்சியுள்ளது. சமணர் நீங்கியபின் அந்நினைவைத் தாங்க மக்கள் அறிந்த வேறொரு கதை வேண்டியிருந்தது. பாரதம் அதற்கு இடமளித்தது.

களஆய்வில் இதற்குப் பயன் உண்டு. கருங்காலக்குடியில் உள்ள இத்தகைய குகைத்தளக் குன்று பஞ்சபாண்டவர் குட்டு எனப்படுகிறது. ஆகவே இப்பெயர் தாங்கிய குன்றுகளில் கற்படுக்கைகளைத் தேடுதல் வீண்போகாது. மேலூர் வட்டாரம் கருங்கல் குவாரிகள் பெருகிய பகுதி. குன்று உடைபட்டால் கல்வெட்டோடு பெயரும் மறையும். ஆதலின் கல்வெட்டைப் படியெடுப்போர் குன்றின் வழக்குப் பெயரையும், அதனைச் சொல்லும் முதியோர் கூறும் கதையையும் உடன் பதிவுசெய்தல் வேண்டும்.