ரயில் ஏறும் முன் ஒரு கவலை

அம்பர்நாத்திலிருந்து சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் சுமார் 60 கி.மீ. லோக்கல் ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பெட்டியில் கழிப்பறை கிடையாது. மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமே அல்ல. பெருங்குடலில் புண் என்று டாக்டர் சொல்லிவிட்டவருக்கோ, வேலையில் நீடிக்க முடியுமா என்ற கேள்வியே இதில் அடங்கியிருக்கிறது.

குடல் அழற்சி நோய் முக்கியமாக இரண்டு வகை. பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்குவது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது, அமெரிக்க டாக்டர் பர்ரில் கிரோனும் சகாக்களும் 1932ல் விவரித்த கிரோன் நோய். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குகிறது. இது தொற்றாது, காரம் தின்றதால் வந்ததும் அல்ல. வெள்ளைக்காரர் வியாதி என்பதும் பழங்கதை. 2003ல் வெளியான பஞ்சாப் ஆய்வில் கோலைட்டிஸ் பாதிப்பு லட்சத்துக்கு 44 பேர்.

இந்தியாவில் சிக்கல் நோய்க்குப் பெயர் வைப்பதிலேயே தொடங்குகிறது. குடல் காசநோயும் கிரோனும் பார்வைக்கு ஒன்று போலிருக்கும். கொலோனோஸ்கோபி, பயாப்ஸி செய்தும் சந்தேகம் தீராவிட்டால் முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்ப்பதுண்டு. காசநோயைக் கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பெருகிவிடும். எனவே பழைய ரிப்போர்ட் ஒன்றைக்கூடத் தொலைக்கக் கூடாது.

அடுத்தது மருந்து. ரத்தம் நின்றதும் மாத்திரையை நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. நோய் அடங்கியிருப்பதே மருந்தால்தான். அதிலும் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. டாக்டர் சொல்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை நோயைக் கிளறிவிடலாம். புகை கிரோனை மோசமாக்கும். எல்லோருக்கும் பொதுவான பத்தியம் எதுவும் இல்லை. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தினமும் குறித்து வைத்தால் டாக்டருக்கும் உதவும்.

ரயிலுக்கும் வழி உண்டு. அம்பர்நாத்திலேயே புறப்படும் வண்டி, அரை மணி முன்னதாக ஒரு கிளம்பல், பையில் மாற்றுத் துணி. கல்யாண், தானே, தாதரில் கழிப்பறை எந்த பிளாட்பாரத்தில் என்ற விவரம். அலுவலகத்தில் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லிவைப்பது வெட்கத்தைவிட லாபம்.

ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே கோலைட்டிஸ் முற்றிய நிலையில் 2007ல் பதவி விலகினார். புது மருந்து கைகொடுக்க, 2012ல் மீண்டும் பிரதமரானார். 2020ல் நோய் திரும்பியது, மறுபடி விலகினார். நோய் முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் இடையில் கிடைத்த ஏறக்குறைய எட்டு ஆண்டுகளில் அவர் ஒரு நாட்டையே நடத்தினார்.