திரையில் தோன்றும் எண் சான்று ஆகாது

பண்ருட்டி, நெய்வேலி, கடலூர் ஆகிய ஊர்களின் தரைவழித் தொலைபேசிகளுக்கு 04142 என்பதே பொதுவான எஸ்.டி.டி. குறியீடு ஆதலால், அதைத் தாங்கி வரும் அழைப்பை அவ்வட்டாரத்தார் தெரிந்த இடத்து அழைப்பென்றே நம்பி எடுப்பர். ஆயினும் திரையில் தெரியும் எண், அழைப்பு புறப்படும் வலையமைப்பு எழுதி அனுப்பும் ஒரு கூற்றேயன்றி, எவரும் சரிபார்த்து அளித்த சான்று அன்று. அக்கூற்றில் வேறொருவர் எண்ணை இட்டு அனுப்பும் மோசடியே ‘ஸ்பூஃபிங்’ எனப்படும் எண் போலியாக்கம்.

தொலைபேசி நிறுவனங்கள் தம்முள் தகவல் பரிமாறிக்கொள்ள உதவும் எஸ்.எஸ்.7 என்னும் சமிக்ஞை முறை உருவான காலத்தில், வலையமைப்புகளை நடத்தியோர் ஒருவரையொருவர் அறிந்த சிலரே என்பதால், வரும் எண்ணை ஐயுறும் ஏற்பாடு அதில் இடம்பெறவில்லை. பின்னாளில் இணையவழி அழைப்பு பெருகியபோது, அந்நம்பிக்கையே மோசடியாளருக்கு வாயிலாயிற்று.

வெளிநாட்டிலிருந்து வரும் போலி அழைப்புகளைத் தடுப்பதில் தரைவழி எண்கள் எளிதானவை. 04142 எண் கொண்ட கருவி கடல் கடந்து செல்லாது என்பதால், அவ்வெண்ணோடு அயல்நாட்டிலிருந்து நுழையும் அழைப்பைத் தயக்கமின்றி நிறுத்தலாம். கைப்பேசி எண்ணோ அவ்வாறன்று. அதன் உரிமையாளர் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ சென்று, ரோமிங் வசதியில் உண்மையாகவே ஊருக்கு அழைக்கலாம். எனவே, அந்த சிம் அப்போது வெளிநாட்டில் உள்ளதா என்பதைச் சரிபார்த்து, இல்லையெனில் அழைப்பைத் துண்டிக்கும் மைய அமைப்பை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபர் 22 அன்று தொடங்கியது. முதல் 24 மணி நேரத்திலேயே, இந்திய எண்களோடு வந்த பன்னாட்டு அழைப்புகளில் 90 விழுக்காடான 1.35 கோடி அழைப்புகள் போலியெனக் கண்டு தடுக்கப்பட்டதாக அரசு அறிவித்தது.

இவ்வெற்றிக்கும் எல்லை உண்டு. பல சிம் அட்டைகளைச் செருகி, இணையம் வழியே வரும் அயல்நாட்டு அழைப்பை உள்நாட்டு அழைப்பாக மாற்றிவிடும் ‘சிம் பாக்ஸ்’ கருவியில் தோன்றும் எண் மெய்யான இந்திய எண்ணே என்பதால், எல்லையில் நிற்கும் காவல் அதைக் காண்பதில்லை. அமெரிக்கா 2021 முதல் கட்டாயமாக்கிய ‘ஸ்டிர்/ஷேக்கன்’ முறை, ஒவ்வோர் அழைப்புக்கும் மறைகுறியாக்கக் கையொப்பம் இடுகிறது; ஆனால் அது இணைய நெறிமுறையில் இயங்கும் வலையமைப்புகளுக்கே பொருந்துமாதலால், அழைப்பு பழைய இணைப்பகத்தைக் கடக்கையில் கையொப்பம் அழிந்துவிடுகிறது. இந்தியாவின் தொலைத்தொடர்புச் சட்டம், 2023, அழைப்பு எண்ணைத் திரிப்போருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழிசெய்கிறது. எனினும் அயல்நாட்டில் இருந்துகொண்டு அழைப்பவரைச் சட்டம் எளிதில் எட்டுவதில்லை.

ஆகவே இறுதிச் சரிபார்ப்பு அழைப்பைப் பெறுபவரிடமே உள்ளது. எண்ணைப் போலியாக்குவது உள்வரும் அழைப்பில்தான் கைகூடும். பயனர் தாமே அழைக்கும்போது, அந்த எண் யாருக்கு உரியதோ அவரிடமே அழைப்பு சென்று சேரும். வங்கியென்றோ காவல்துறையென்றோ கூறிப் பணம் கேட்கும் குரலைத் துண்டித்துவிட்டு, பாஸ்புக்கில் அச்சிட்ட எண்ணையோ நிலையத்தின் அறியப்பட்ட எண்ணையோ அழைத்துக் கேட்பது எவரும் செய்யக்கூடிய காப்பு. சந்தேக அழைப்புகளை ‘சஞ்சார் சாத்தி’ தளத்தின் ‘சக்ஷு’ பகுதியில் பதிவுசெய்யலாம். பணம் பறிபோயிருந்தால் சிறிதும் தாமதியாமல் 1930 என்னும் உதவி எண்ணை அழைக்க வேண்டும்.