வக்கீலைக் காணோம், கேஸ் கட்டு எங்கே?

செலியமேட்டில் வரப்புத் தகராறு என்றாலும் வழக்கு நடப்பது புதுச்சேரி கோர்ட்டில். வேலையைப் போட்டுவிட்டு வாய்தாதோறும் பஸ் ஏற முடியாமல், பத்திரம், பட்டா, பணம் எல்லாவற்றையும் வக்கீலிடமே விட்டுவிட்டு வருகிறோம். அவர் இறந்துவிட்டாலோ, போனையே எடுக்காவிட்டாலோ?

வக்கீலைத் தேடுமுன் வாய்தாவைத் தேடுங்கள். வழக்கு எண்ணையோ கட்சிக்காரர் பெயரையோ கொடுத்தால் இ-கோர்ட்ஸ் தளம் அடுத்த தேதியைக் காட்டும். ஆஜராகாமல் வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலோ, எதிர்த்தரப்புக்கு ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருந்தாலோ, அதை நீக்கக் கேட்க 30 நாள்தான் கெடு. தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனு போட வேண்டும். வக்கீல் செய்த தவறுக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று 1981-இல் ரஃபீக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதற்காக வருஷக்கணக்கில் வழக்கை எட்டிப் பார்க்காதவரையும் அது காப்பாற்றும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

வக்கீல் இறந்தால் வக்காலத்தும் முடிந்தது, புதியவரை வைத்துக்கொள்ளலாம். உயிரோடு இருப்பவர் சம்மதக் கையெழுத்துப் போட மறுத்தால், புது வக்கீல் கோர்ட்டிடமே அனுமதி கேட்கலாம்.

"ஃபீஸ் பாக்கி, கட்டைத் தர முடியாது" என்பது பழைய பல்லவி. மத்தியப் பிரதேசக் கூட்டுறவு வங்கி ஒன்றின் வக்கீல் சக்சேனா, 97,100 ரூபாய் பாக்கி என்று கட்டுகளைப் பிடித்துவைத்தார். பார் கவுன்சில் 18 மாதம் தொழில் செய்யத் தடை போட்டது. 2000-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையைக் கண்டனமாகக் குறைத்தாலும், கட்டு கட்சிக்காரருடையது, ஃபீஸுக்கு ஈடாக அதை வைத்துக்கொள்ள உரிமையில்லை என்று தீர்த்துச் சொன்னது. கட்டு கிடைக்கவே இல்லையென்றாலும் கோர்ட்டில் தாக்கலானவற்றுக்குச் சான்றிட்ட நகல் வாங்கலாம்.

பணம்தான் சிக்கல். கணக்கும், செய்யாத வேலைக்கான ஃபீஸும் கேட்டு ஒப்புகையுடன் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் சென்னையிலுள்ள தமிழ்நாடு-புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் தரலாம். அது வக்கீலைத் தண்டிக்கும். பணத்தை வசூலித்துத் தருவது அதன் வேலையல்ல. அதற்கு உரிமையியல் வழக்குத்தான், பொதுவாக மூன்று வருஷத்துக்குள். நுகர்வோர் மன்றத்தின் கதவை 2024-இல் உச்ச நீதிமன்றம் மூடிவிட்டது. உங்களுக்கு வந்த நஷ்டஈட்டையே வாங்கி அமுக்கிக்கொண்டார் என்றால் அது நம்பிக்கை மோசடி, போலீசுக்குப் போகலாம்.

புது வக்கீலுக்குக் காசில்லாதவர்கள் 15100-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இனிமேலாவது கொடுக்கும் பணத்துக்கு ரசீதும், கொடுக்கும் தாளுக்கு நகலும் கையில் வைத்திருங்கள்.